விளக்குக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது, ஆனால் அதை நீ நிரூபிக்கும்வரை எழுதப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

சாலைத் துறை மேல் ஒரு தையற்காரப் பெண் போட்ட நஷ்டஈட்டு வழக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, குழாய் போடத் தோண்டிய பள்ளத்தில் இருட்டில் விழுந்து கால் உடைந்தவள், இப்போது மெஷினை மிதிக்க முடியவில்லை. துறைக்காக வாதாடுகிற அரசு வக்கீல் நான். பள்ளத்தருகே சிவப்பு விளக்கு எரிந்தது என்பதுதான் எங்கள் வாதம். கூண்டில் ஏற்றுவதற்கு முன் நம் சாட்சிகளை நானே ஒருமுறை குடைந்துவிடுவேன், அது என் வழக்கம். மேற்பார்வையாளர், ஓட்டுநர், காவலாளி மூவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டேன். "லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது மேடம், தூரத்துலேருந்தே தெரியும்" என்று மூவரும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். உண்மையாகவே பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள். கடைசியாக வந்த காவலாளியிடம் "லைட்டுக்குக் கரண்ட் எங்கேருந்து எடுத்தீங்க?" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதை யாரும் சொல்லிக்குடுக்கல மேடம்" என்றார். இவர்களைக் கூண்டில் ஏற்ற மாட்டேன், அந்தப் பெண்ணோடு சமரசம் பேசி நஷ்டஈடு கொடுங்கள் என்று துறைக்கு எழுதிவிட்டேன். "நீங்க நம்ம வக்கீலா, அந்தம்மா வக்கீலா?" என்று அதிகாரி போனில் குதித்தார். குதிக்கட்டும்.

இப்போது உன் விஷயம். கொஞ்ச நாளாக நீ போனில் "நல்லா இருக்கேம்மா, வேலை பரவாயில்ல, சாப்பிட்டேன்" என்கிறாய், ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே குரல். முன்பெல்லாம் மேனேஜரைத் திட்டுவாய், அறைத்தோழனின் குறட்டையைச் சொல்லிப் புலம்புவாய். குறையே சொல்லாத பிள்ளையை நான் நம்புவதில்லை. போன வாரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு "சாப்பாடுதான்" என்றாய். "தாயே, கோர்ட்டு கலைஞ்சாச்சு, பையனை விட்டுடு" என்று அப்பா கிண்டல் செய்கிறார், ஆனால் போன் அடித்தால் முதலில் ஓடுவது அவர்தான். வேலை போய்விட்டதோ என்பது என் சந்தேகம். போயிருந்தால் போகட்டும். உன் கட்டிலில் இப்போது என் வழக்குக் கட்டுகள் படுத்திருக்கின்றன, எழுப்பி அனுப்பிவிடுகிறேன், நீ வா.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது என்ன சாப்பிட்டாய் என்று மறுபடியும் கேட்பேன், ஞாபகம் இருக்கட்டும். பதிலை ஒத்திகை பார்க்காமல் போனுக்கு வா.

என்றும் உன் தரப்பில்,
அம்மா