பெர்னியின் வயிறு

மார்ச் 3, செவ்வாய்
பள்ளி பஸ்ஸை ஷெட்டில் விட்டு வந்ததும் முதல் வேலையாக மீன்தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டினேன். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. டவுன்ஸ்வில் ஊரிலேயே இவ்வளவு சுத்தமான கடல்நீர்த் தொட்டி வேறு யாரிடம் இருக்கிறது? பாசி மேய வாங்கிவிட்ட பிளென்னி மீன், எங்கள் பெர்னி, வீங்கின உதடும் உருட்டு விழியுமாகப் பாறையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

"எல்லாத்தையும் நீயே வழிச்சுட்டா அவன் என்னத்தத் தின்பான், க்ளெனிஸ்?" என்றான் ரஸ். கட்டிக்கொண்டவன் பேசுகிற பேச்சா இது!

மார்ச் 9
பெர்னியின் வயிறு ஒட்டிவிட்டது. சுஷி சுற்றும் கடற்பாசித் தாளைக் கிழித்துப் போட்டேன். வாயில் வாங்கித் துப்பியது. இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரஸ் சொன்னது சரிதான். அவனிடம் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10
இனிச் சுரண்டப்போவதில்லை. 22ஆம் தேதி மீன்தொட்டிச் சங்கத்தார் தொட்டி பார்க்க வருகிறார்கள். வருடத்துக்கு ஒரு வீடு, இந்த முறை என் வீடு. மானம் போனால் போகட்டும், பெர்னி பிழைத்தால் சரி.

மார்ச் 18
கண்ணாடியெல்லாம் பச்சை. அதில் சின்னச் சின்ன உதட்டுத் தடங்கள்! என் செல்லம் மேயத் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாரிடமும் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி
ஐயோ. கண்ணாடி பளபள. ரஸ் கையில் சுரண்டி. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாறையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வராங்களே. உனக்கு மனசு சரியில்ல போலன்னு நான் பண்ணிட்டேன்..."

வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். ஆனால் அவனிடம் நான் சொன்னேனா? பெர்னி இடுக்கைவிட்டு வெளியே வரவில்லை. அழுதேன் – ஒரு மீனுக்கு. ஆமாம், ஒரு மீனுக்குத்தான்!

மார்ச் 22, ஞாயிறு
எனக்குத் தெரியாமல் ரஸ் சங்கத்தார் எல்லாருக்கும் போன் போட்டிருக்கிறான். "பாசி புடிச்ச கல்லு இருந்தா கொண்டு வாங்க."

ஏழு பேர், ஏழு வாளி. எங்கள் தொட்டியிலா பாசி என்று இத்தனை வருஷமாகச் சத்தியம் செய்தவர்கள்! சங்கத் தலைவி இவோன் கொண்டுவந்த கல்லில்தான் பாசி அதிகம். "பழைய கல்லு, மூலையில கிடந்துச்சு" என்றாள், யாரும் கேட்காமலே.

"கிடந்த கல்லுக்கு இவ்வளவு பச்சை முடியா?" என்றான் ரஸ். வீடே சிரித்தது, இவோன் உட்பட.

கல்லை இறக்கிவிட்டு எல்லாரும் தரையில் மண்டியிட்டுக் காத்திருந்தோம். என் கண்ணாடியை ஒருவரும் பார்க்கவில்லை. அரை மணி கழித்து ஒரு தலை. பிறகு இவோன் கல்லில் இரண்டு உதடும்.

"சாப்பிடுறான்" என்று ரஸ் என் கையை இறுக்கினான். நானும் விடவில்லை.

ஏப்ரல் 25
இவோன் போன் செய்தாள். புதிதாக வாங்கிய மீன் பாசியையெல்லாம் தின்று தீர்த்துவிட்டதாம், இப்போது வயிறு ஒட்டிக் கிடக்கிறதாம். குரலைத் தாழ்த்தி, "உன்கிட்ட பச்சைக் கல்லு ஏதாவது இருக்குமா, க்ளெனிஸ்?" என்றாள்.

இருப்பதிலேயே அழுக்கான கல்லாகப் பார்த்து எடுத்தேன். பெர்னி தொந்தியும் தானுமாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளித்தான் இறக்க வேண்டியிருந்தது.