குண்டூசி இல்லாத வாய்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு புது வீட்டின் பன்னிரண்டு ஜன்னல்களுக்கும் திரைச்சீலை தைத்து அனுப்பியாயிற்று. முதுகு ஒடிந்துவிட்டது. சாயங்காலம் பல் டாக்டரம்மாவிடம் போய்வந்தேன். நாற்பத்தாறு வயதில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் படியேறினேன்.

மேல்வரிசையில் முன்பல் நான்கு. மூன்று சின்னதாக, இடையில் சந்து விட்டு நிற்கும். நான்காவது, சின்ன வயதில் படிக்கட்டில் விழுந்து கறுத்துப்போனது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'சீப்பு'. அன்றைக்கு மூடிய வாய்.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். பல்லின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சீவி, அதன்மேல் வெனீர் என்கிற பீங்கான் தகடு ஒட்டுவது ஒன்று. சீவாமலே மெல்லிய வெனீரை ஒட்டுவது இன்னொன்று. தையற்காரிக்கு இது புரியாதா? வெட்டித் தைத்தால் அழகாகப் படியும். வெட்டாமல் மேலே வைத்துத் தைத்தால் கொஞ்சம் தடிக்கும். ஆனால் வெட்டியது வெட்டியதுதான்.

"நூலைப் பல்லால கடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"சேச்சே, இல்ல டாக்டர்."

ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் உனக்கெல்லாம் இது சரிப்படாது என்று அனுப்பிவிடுவாரோ என்ற பயம்.

மார்ச் 4, புதன்

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். பதினாறு வருடமாகப் பக்கத்து மிஷினில் இருப்பவளிடம் எதை மறைப்பது? கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் அவள்தான். வாயாடி.

"நாலையும் சீவிடுங்க அண்ணி. செய்றதைத் திருத்தமா செஞ்சிடலாம்" என்றாள். அவளுக்கென்ன, முத்துப்பல்.

மார்ச் 6, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். நான்கையும் சீவச் சொல்லப்போகிறேன்.

மார்ச் 7, சனி

முடிவு செய்யவில்லை. நல்லா இருக்கிற பல்லை எதற்குச் சீவ வேண்டும்? அது என்ன பாவம் பண்ணியது?

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மா என் பல்மேல் மாதிரிக்கு ஒரு பூச்சு வைத்து அனுப்பியிருக்கிறார். பல்லைச் சீவாமல், பிளாஸ்டிக் போல ஏதோ ஒன்றை மேலே அப்பி இறுகவைத்தார். "நாலு நாள் போட்டுப் பாருங்க. வேலையெல்லாம் எப்பவும்போல செய்யுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். யாரோ ஒருத்தி. நன்றாகத்தான் இருந்தாள்.

மார்ச் 11, புதன்

போச்சு.

பதினோரு மணிக்கு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தேன் – யோசிக்கவே இல்லை, முப்பது வருடப் பழக்கம். டக். மாதிரியின் முனை மடியில் விழுந்தது. நாத்தனார் பார்த்தாள். கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் அழுகையாக வந்தது.

எனக்கு எதுக்கு இந்த ஆசை? நாலையும் சீவி ஒட்டின பிறகு இப்படி உடைஞ்சிருந்தா? அடியில என் பல்லும் முழுசா இருக்காதே. யார்கிட்ட போய் அழறது?

மார்ச் 12, வியாழன்

உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைப் பிடித்து என் பல்லின் நுனியைக் காட்டினார். மாதிரி உடைந்த இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம். நூல் அறுத்து அறுத்து விழுந்தது.

"முதல் நாளே பார்த்துட்டேன்மா. வாயால சொன்னா கடிக்கிறதை விடமாட்டீங்க. அதான் உடைஞ்சாலும் பரவாயில்லாததை வச்சு அனுப்பினேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

சின்னப் பல் மூன்றுக்கும் சீவ வேண்டாமாம். சந்து இருப்பதால் மேலே ஒட்டினாலே நிரம்பிவிடும், துருத்தாது. கறுத்த பல்லுக்கு மெல்லியது போட்டால் கறுப்பு தெரியும், அதை மட்டும் சீவ வேண்டும். "சீவினா ஆயுசுக்கும் அதை மூடியே வச்சிருக்கணும். சம்மதமா?" சம்மதம். மூன்று பல்லை எனக்கு மீட்டுக் கொடுத்த புண்ணியவதி.

இரண்டு நிபந்தனை. நூலைக் கடிக்கக் கூடாது. வாயில் குண்டூசி வைக்கக் கூடாது.

நூல் சரி. குண்டூசி? அளவு பார்க்கும்போது உதட்டில் ஐந்தாறு குண்டூசி இருந்தால் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. தலையாட்டினால் போதும். இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

என் மிஷினில் ரிப்பன் போட்டு ஒரு சின்னக் கத்தரி தொங்குகிறது. பக்கத்தில், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும்படி குண்டூசி குத்திவைக்க ஒரு குட்டி மெத்தை, மிச்சத் துணியில் தைத்தது. நாத்தனார் தலையைத் தூக்காமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிபந்தனை இரண்டையும் நேற்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். இவள் எனக்குக் கிடைத்தது நான் செய்த பாக்கியம்.

மார்ச் 31, செவ்வாய்

ஒட்டியாயிற்று. சீவும்போது பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. நாக்குதான் புது வீட்டுக்கு வந்தது போல முட்டிக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

வாடிக்கையாக வரும் தலைமையாசிரியர் கோட்டு அளவு பார்க்க வந்தார். குண்டூசியெல்லாம் மணிக்கட்டில். வாய் காலி.

"இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு சார். பையை அந்தப் பக்கமே மாட்டுறீங்களோ?" என்றேன்.

அவர் ஆளுயரக் கண்ணாடியில் என்னையே பார்த்தார். பல்லைத்தான் பார்க்கிறார் என்று சட்டென்று உதட்டை மூடிக்கொண்டேன்.

"ஒன்பது வருஷமா வர்றேன். உங்களுக்குப் பேச்சு வராதுன்னுல்லம்மா நினைச்சிட்டு இருந்தேன்!"

நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். அதன்பிறகு அவர் கிளம்பும்வரை என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். அளவைக் குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டும் – நானே சொல்கிறேன்.