சிங்க் ஓரத்துத் துண்டு மேடை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாத்திரை போடச் சொன்னால் நாளைக்கு என்கிறாள். கடையில் வியாபாரம் சுமார். எதிர்ச்சாரியில் புதிதாக ஒருத்தன் ஒயர், சுவிட்ச் கடை போட்டிருக்கிறான். ஏசி வைத்த கடை. சனங்கள் அங்கே போய்க் காற்று வாங்கிவிட்டு, சாமானை என்னிடம் வந்து வாங்குகிறார்கள். உங்களுக்கு அங்கே வேலை எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்பீர்கள். நானும் சொல்லியாயிற்று என்று வைத்துவிடுவேன். கடிதத்தை அப்படிச் சரி சொல்லி அனுப்ப முடியாது.

விஷயம் உங்கள் வீட்டுச் சமையலறை. நீங்கள் அனுப்பிய பணத்தில் வேலை நன்றாகத்தான் நடக்கிறது, குறை சொல்லவில்லை. உங்கள் அம்மா நிற்கிற பெரிய மேடைக்கு நான்கு பிளக் பாயின்ட். மிக்சிக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, தண்ணீர் சுட வைக்க ஒன்று, சும்மா ஒன்று. "சும்மா ஒன்று" என்பது என் வார்த்தை இல்லை, ஒயர்மேன் சொன்னது. சிங்க்கைத் தாண்டிப் பின்கதவு வரைக்கும் ஒரு துண்டு மேடை இருக்கிறதல்லவா, ஓவனும் ஒரு பாத்திரமும் வைத்தால் அடைந்துவிடுமே, அது பாப்பாவுக்கு விட்ட இடம். உங்களுக்கு மனைவியாகி மூன்று வருஷம் ஆகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அங்கே நின்றுதான் கேக் செய்து டீக்கடைகளுக்குப் போடுகிறாள். அந்த மேடைக்கு ஒரு பாயின்ட்கூடக் கிடையாதாம்.

ஒயர்மேன், நம்ம கடையில் சாமான் எடுக்கிற ஒல்லிதான். அவன் யாரையும் கேட்காமல் அந்தச் சுவரிலும் ஒயர் பைப் இறக்கி ஒரு சுவிட்ச் பெட்டி பதித்துவிட்டான். டைல்ஸ் ஒட்டுகிறவர், இந்த இடத்தில் டைல்ஸை வெட்டி வழி விடுவதா, முழுசாக ஒட்டி மூடுவதா என்று கேட்டிருக்கிறார். உங்கள் அம்மா மூடச் சொல்லிவிட்டார்கள். ஒல்லி கடைக்கு ஓடி வந்து, "மேடைன்னு ஒண்ணு இருந்தா பாயின்ட் வேணும்னு நான் பாட்டுக்கு வச்சுட்டேன் முதலாளி. அந்தம்மா பார்த்த பார்வைக்குக் கையில டெஸ்டர் இருந்திருந்தா அதுல லைட் எரிஞ்சிருக்கும்" என்று தலையைச் சொறிந்தான்.

நேரில் போனேன். காபி கொடுத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "சிங்க் பக்கத்துல எதுக்குண்ணே கரன்ட்? அவ என் மேடையிலயே செய்யட்டுமே, நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லைதான். ஆனால் பெரிய மேடை காலியாகிற நேரத்துக்கு டீக்கடையில் கேக் தின்கிறவன் தின்றுவிட்டு வேலைக்குப் போயிருப்பான். பாயின்ட்டைத் தண்ணீர் படாத உயரத்தில் வைக்கலாம், கரன்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச் இருக்கிறது, எல்லாம் என் கடையிலிருந்து நானே தருகிறேன் என்றேன். "உங்க கடைச் சாமானை வச்சுத்தான் எங்க வீட்டுச் சுவர் நிக்கணுமா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நான் பேரம் பேசிப் பிழைக்கிறவன். காசுக்காக மறுக்கிறவரோடு பேசிப் பேசி ஒரு இடத்தில் வந்து நிற்கலாம். ஒரு காசு செலவில்லாததை மறுக்கிறவரிடம் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில், "உங்க மாப்பிள்ளையே சொல்லிட்டான், அவ்வளவு சின்ன மேடைக்கு ரூல்படி தேவையில்லையாம்" என்றார்கள். நீங்கள் கட்டட வேலையில் இருப்பவர், உங்களுக்குத் தெரியாததில்லை. ஒல்லியிடமும் விசாரித்தேன். கட்டாயம் இல்லை என்றுதான் ரூல் சொல்கிறதாம். வைக்காதே என்று சொல்லவில்லையாம். பெரிய மேடையில் அந்தச் "சும்மா ஒன்று" எந்த ரூலில் வருகிறது மாப்பிள்ளை?

இன்னொன்று. பாப்பா இப்போது ஹாலில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சமையலறைக் கதவுக்கு அடியில் இழுத்து ஓவனுக்குக் கொடுத்திருக்கிறாள். ஓவன் இழுக்கிற கரன்ட்டை அது தாங்காது. மூன்று இடத்தில் டேப் சுற்றியிருந்தது. நான் ஒயர் விற்று ஆளானவன், என் கண்ணில் வேறெது படும்? கதவு இடுக்கில் நசுங்கித் தோல் உரிந்திருக்கிறது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா, கதவு அடிக்கடி சாத்திக்குது" என்றாள். காற்றே வராத இடத்தில் அந்தக் கதவு எப்படிச் சாத்திக்கொள்கிறது என்று நான் கேட்கவில்லை. வலது கட்டைவிரலில் ஒரு கறுப்புப் புள்ளி. ஓவன் சுட்டதாம். ஓவன் சுட்டதற்கும் கரன்ட் சுட்டதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

திங்கட்கிழமை டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஒட்டிவிட்டால் பிறகு உடைக்கத்தான் வேண்டும். அதற்குள் உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பேச்சை விட உங்கள் பேச்சு அந்த வீட்டில் எடுபடும். எடுபட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மாமா.

*

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் அம்மா சொன்னார்கள். என் கடிதத்துக்கு நீங்கள் அவர்களுக்குப் போன் செய்து பதில் சொல்லியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒல்லி கடைக்கு வந்தான். ஒரு டம்மி பிளேட் கேட்டான். பெட்டி பதித்த இடத்தில் பாயின்ட் வைக்காமல் மூடுகிற வெறும் தகடு. யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான், நீங்கள் போனில் அம்மாவிடம் சொன்னதையும் சேர்த்து. மாமா மனசு நோகக் கூடாது, அதனால் டைல்ஸை வெட்டிப் பெட்டியை விட்டுவிடுங்கள். அம்மா மனசும் நோகக் கூடாது, அதனால் டம்மி போட்டு மூடிவிடுங்கள். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது இதுதானாம். எனக்கும் நோகவில்லை, உங்கள் அம்மாவுக்கும் நோகவில்லை. நடுவில் கட்டைவிரல் சுட்டுக்கொண்ட ஒருத்தி இருப்பது போனில் ஞாபகம் வராது போலிருக்கிறது.

கல்லாவில் உட்கார்ந்தவன் விற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் எதிர்க்கடையில் வாங்குவான். நல்ல கம்பெனித் தகடாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பில்லும் போட்டேன்.

மறுநாள் காலையில் பாப்பா வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். மடியில் ஓவன், கையில் ஒரு பை. உங்கள் அத்தை பையை வாங்குகிற சாக்கில் உள்ளே துழாவிப் பார்த்தாள். மாவு அடிக்கிற பீட்டரும் கேக் டின்களும்தான் இருந்தன. "இங்க செஞ்சு கடைக்குப் போட்டுட்டு சாயங்காலம் போயிடுறேன்ப்பா" என்றாள். அப்படித்தான் போனாள். தினமும் வருகிறாள், போகிறாள். தினமும் உங்கள் அத்தை முழங்கால் வலியோடு வாசல் வரை போய் அந்தப் பையை வாங்கித் துழாவுகிறாள். இன்றுவரை அதில் துணி இல்லை.

முந்தாநாள் மாவு அடித்துக்கொண்டே, "அவர் உங்களுக்கு என்னப்பா எழுதினார்?" என்று கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன். கடையில் ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்கிறவன் நான். இது வாயில் நிற்கவில்லை. அவள் பீட்டரை இன்னும் வேகமாக வைத்தாள், அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றுபோயிற்று.

ஒல்லி ஒரு காரியம் செய்திருக்கிறான். மூடுவதற்கு முன்னால் பைப்பில் ஒயரை இழுத்து, முனைக்கு டேப் சுற்றி, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறானாம். உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், பாயின்ட் வைத்துவிடலாம். நானோ அவனோ போய்க் கழற்ற முடியாது. அவளும் கழற்ற மாட்டாள். அது உங்கள் கையால் நடக்க வேண்டிய வேலை.

என் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. கடை திறந்த நாளிலிருந்து சொந்தக்காரன், சிநேகிதன் யாருக்காகவும் அதை நான் மீறியதில்லை. அந்தத் தகட்டை நீங்கள் கழற்றிக்கொண்டு வாருங்கள். வாங்கிக்கொள்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இன்றுவரை,
உங்கள் மாமா.