மரத்தடியில் கழற்றிய செருப்பு

தை 4, ஞாயிறு இரவு

மகள் கூட்டிப்போன பரம்பிக்குளத்திலிருந்து சாயங்காலம்தான் கரடியூர் வந்து சேர்ந்தோம். உடம்பெல்லாம் அலுப்பு. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

அங்கே காட்டுக்குள் பல நூறு வருஷத்துத் தேக்கு ஒன்று. ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதன் அடியில் போய் நின்றதும் இவர் செருப்பைக் காலாலேயே தள்ளிக் கழற்றினார். "எல்லாரும் இப்படித்தான் கும்பிடுவாங்க" என்றார் கூட வந்த வனக்காவலர். மகளும் கைகூப்பினாள்.

இவர் கும்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் எஸ்டேட்டில் மரமேறிக் கிளை கழித்தவர். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு இப்படித்தான் அண்ணாந்து பார்ப்பார். போன வருஷம் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்த பிறகு முழங்கால் மடங்குவதில்லை. அவர் மரமேறும் கயிற்றை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். அவரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து சின்ன உதவிக்குக்கூட யாரையும் கிட்டே விட்டதில்லை.

"ஏனுங்க, போலாமுங்களா?" என்றேன். பயமாக இருந்தது.

"மொதக் கெளைக்கே கயிறு எட்டாது புள்ள. இதுல எவனாலயும் ஏற முடியாது" என்றார். சிரித்தார். பிறகு, மகளும் காவலரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "அந்தச் செருப்பக் கொஞ்சம் மாட்டி உடு" என்றார்.

குனிந்தேன். விழாமலிருக்க என் தலையில் கை வைத்துக்கொண்டார். வாரை இழுத்து மாட்டிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.