மூன்று நிமிடத்துக்குள் பேச வேண்டியவை

28 ஆகஸ்ட் 1957, புதன்

மழை. கடையில் ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, எடுப்பார் இல்லை.

நான் சொல்கிறேன், மருமகள் ரஹீமா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. என் வாயில் வந்ததை அவள் ஏட்டுத் தமிழாக்கித் திரும்ப வாசிக்கும்போது யாரோ படித்த மனுஷன் பேசுவதுபோல இருக்கிறது. "எல்லாமே உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களே மாமா, எழுதி என்னத்துக்குங்க?" என்றாள். நினைப்பு இருப்பதால்தான். ஒன்றும் இறங்கமாட்டேன் என்கிறது.

விருதுநகர் காளிச்சாமி முதலாளி ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். இனிமேல் நேரில் வந்து உட்கார்ந்து பேசுவது வேண்டாமாம். திங்கள்தோறும் காலையில் கம்பம் தபாலாபீஸிலிருந்து ட்ரங்க் கால் போட்டு, சரக்கு, விலை, லாரி எல்லாவற்றையும் அதிலேயே முடித்துக்கொள்ள வேண்டுமாம். முடியாதென்றால் சரக்குத் தரப் போடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் சரக்கை மொத்தமாக எடுப்பவர் அவர் ஒருவர்தான். அவர் விட்டால் இந்தக் கம்பம்மெட்டுக் கடைக்குப் பூட்டுத்தான். பாலக்காட்டில் மகள் நூர்ஜஹானின் வீட்டில், மருமகன் அலவியின் கையை எதிர்பார்த்து எல்லோரும் போய் நிற்க வேண்டும்.

துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசியவன் நான். எதிராளியின் விரல் நடுங்கினால் அவன் மனது தெரிந்துவிடும். கம்பிக்குள் எந்த விரலைப் பிடிப்பது?

2 செப்டம்பர், திங்கள்

போனோம். நான், மகன் மஜீத், சக்குபள்ளத்தில் எங்கள் காயை உலர்த்திக் கொடுக்கும் சூசையப்பன், தோட்டக்காரர் சுருளிவேல். சரக்கில் நான்கு பேருக்கும் பங்கு. ஒருவரை அனுப்பினால் மற்றவருக்குச் சந்தேகம்.

கூப்பிட்டதும் சூசையப்பன் போனைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல, "அண்ணாச்சீ, கேக்குதா?" என்று கத்தினார். அவர் கேட்கிறது என்றதும், கேட்கிறதா என்று மறுபடியும் கேட்டார். தபாலாபீஸ்காரர், "ஐயா, இந்தத் தொண்டைக்குப் போன் எதுக்கு? வாசல்ல நின்னு பேசுங்க, விருதுநகருக்குக் கேக்கும்" என்றார்.

அடுத்து சுருளிவேல். அங்கே மழை உண்டா, கண்மாய் நிறைந்ததா, வீட்டில் சுகமா. முதலாளியின் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லையாம். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அதைக் கேட்டு முடிப்பதற்குள் மஜீத் போனை வாங்கினான். சலாம் சொன்னான். "நம்ம சரக்கு" என்றான். அறுந்துவிட்டது. மூன்று நிமிடம் முடிந்ததாம். பின்னால் வரிசை நிற்பதால் நீட்டித் தரமாட்டார்களாம்.

மலை ஏறும் பஸ்ஸில் மஜீத் தனியாக முன்னால் போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்து, "சந்தைல பேசற மாதிரியே போன்லயும் பேசுனா ஆகுங்களா அத்தா?" என்றான். சத்தம் போடாமல்தான் கேட்டான். சத்தம் போட்டிருக்கலாம்.

4 செப்டம்பர், புதன்

எல்லோரையும் கடைக்குக் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். ஒரு விரலுக்கு ஒரு பேச்சு. பெருவிரல், போன லோடு ஈரம் என்றாரே முதலாளி, அதற்குப் பதில்: சூசையப்பன். ஆள்காட்டி விரல், இந்த மாதம் எவ்வளவு காய் தர முடியும்: சுருளிவேல். நடுவிரல் விலை, மோதிரவிரல் லாரி வரும் நாள், இரண்டும் மஜீத். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு பேச்சு முடிந்தால் ஒரு விரலை மடக்குவேன். மடக்கிய விரலைப் பற்றி யாரும் மறுபடி பேசக்கூடாது.

"சுகம் விசாரிக்கிறது எந்த வெரலு?" என்று சுருளிவேல் கேட்டார்.

"சுண்டுவிரல். நேரம் மிச்சமிருந்தா."

"அது ஞாயமில்ல ராவுத்தரே. ஆசுபத்திரியில கெடக்குற பொம்பள. அதத்தான் மொதல்ல கேக்கணும்."

"கடை நின்னாத்தான் சுகம் கேக்குற உறவும் நிக்கும்" என்றேன். மஜீத் தலையாட்டினான். அவன் என் பேச்சுக்குத் தலையாட்டி எவ்வளவோ காலம் ஆயிற்று.

சூசையப்பன் அளக்கிற படியைக் காதில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தார். "மெல்ல, மெல்ல. படிக்கு ஜன்னி வந்துரப் போவுது" என்றார் சுருளிவேல். உள்ளே ரஹீமா சிரித்தது கேட்டது.

7 செப்டம்பர், சனி

ஒத்திகை. சூசையப்பன் இன்னும் கத்துகிறார்.

9 செப்டம்பர், திங்கள்

முடிந்தது. நினைத்ததைவிட நன்றாக முடிந்தது. சூசையப்பன் கத்தவில்லை. சுருளிவேல் மழையைப் பற்றிப் பேசவில்லை. மஜீத் விலையைச் சொன்னான், லாரிக்கு வியாழன் என்றான். ஒவ்வொன்றுக்கும் முதலாளி "சரி" என்றாராம். பேரமே இல்லை. நாலு விரலும் மடங்கின.

நேரம் மிச்சமிருந்தது. சுருளிவேல் போனுக்குக் கை நீட்டினார். நல்லபடியாக முடிந்ததை எதற்கு இழுக்க வேண்டும், பேச்சு வளர்ந்தால் விலையைத் திரும்ப எடுத்தாலும் எடுப்பார் என்று எனக்குத் தோன்றியது. சுண்டுவிரலை நானே மடக்கினேன். மஜீத் வைத்துவிட்டான்.

திரும்பி வரும்போது எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஆனாலும் அந்த "சரி" எனக்கு ஒட்டவில்லை. இத்தனை வருஷத்தில் பேரம் பேசாமல் அவர் ஒரு பிடி காய் எடுத்ததில்லை.

12 செப்டம்பர், வியாழன்

லாரி வரவில்லை.

13 செப்டம்பர், வெள்ளி

லாரி வரவில்லை. மழையில் பாதை கெட்டிருக்கும் என்கிறான் மஜீத். பாதையில் மற்ற லாரிகள் போகின்றன.

16 செப்டம்பர், திங்கள்

நான் சொல்றபடியே எழுதும்மா, திருத்தாதே என்று ரஹீமாவிடம் சொல்லிவிட்டேன்.

போன் போட்டோம். கணக்குப்பிள்ளைதான் எடுத்தாரு. முதலாளி சம்சாரம் மவுத்தாயிட்டாங்களாம். எட்டாந்தேதி, ஞாயித்துக்கிழமை. நாங்க பேசினது மறுநாள் திங்கக்கிழமை காலைல. எலும்பு பொறுக்கக் காடாத்துக்குக் கெளம்பி வாசல்ல நின்ன மனுஷன், கம்பத்துல இருந்து போனுன்னதும் திரும்பி வந்து எடுத்தாராம். எப்படியோ தகவல் தெரிஞ்சு துக்கம் கேக்கக் கூப்பிடுறோம்னு நெனச்சிருக்காரு. நாங்க ஈரம், காயி, விலை, லாரின்னு — ஒவ்வொருத்தனா — வரிசையா —

"நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வந்து பேசினீகளே" என்றாரு கணக்குப்பிள்ளை. சரக்கு இனிமே போடியில இருந்துதானாம்.

வெளியில வந்து சுருளிவேல் என்னைப் பார்க்கல. சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா என்ன? நான் பதில் ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

நோன்பு மாசத்துல அந்த வீட்டுக்குப் போனா பொழுது சாஞ்சு மஃரிபு ஆகிற வரைக்கும் அடுப்பை அணைக்காம வச்சிருப்பாங்க. எனக்குன்னு புதுப் பாத்திரத்துல கஞ்சி. எந்த வருஷம் என்ன வச்சாங்கன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். எல்லாம் நெனப்பிருக்கு. என்ன பிரயோஜனம்?

19 செப்டம்பர், வியாழன்

விருதுநகர் போய் வந்தேன். மஜீத் வேண்டாம் என்றான். "இப்பப் போனா சரக்குக்காக வந்தாங்கன்னு நெனப்பாங்க அத்தா." நினைக்கட்டும் என்று பஸ் ஏறினேன்.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க ராவுத்தரே" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்தான் பேசினார். எப்போது காய்ச்சல் கண்டது, டாக்டர் என்ன சொன்னார், கடைசியில் எதைக் கேட்டார்கள், எல்லாம் சொன்னார். பேச்சுக்கு நடுவில் "பேச்சியம்மா" என்றார். அந்த அம்மாவின் பெயர் எனக்கு இன்றுதான் தெரியும்.

சரக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"கோவத்துல மாத்தல, ராவுத்தரே. நீங்க பேசுனதுல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் கணக்காத்தான் இருந்துச்சு. போடிக்காரப் பயலுக அன்னைக்குச் சாயந்தரம் கூப்புட்டானுக. மூணு நிமிசமும் அழுகை. சரக்கைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு அன்னைக்கு அது வேண்டியிருந்துச்சு."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். அவருடைய மருமகள் பரிமாறினாள். மிச்சம் வைக்கவில்லை.

8 அக்டோபர், செவ்வாய்

மஜீத் கம்பத்தில் சில்லறையாக விற்றுப் பார்க்கிறான். ஏற்றுகூலிக்கே காணாது. சுருளிவேல் தன் காயைப் போடிக்கே கொடுக்கிறாராம். கொடுக்கட்டும். அவர் என்ன செய்வார்?

25 அக்டோபர், வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தேன். சூசையப்பன் வந்து உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். கத்திப் பேசுகிற மனுஷன்.

14 நவம்பர், வியாழன்

கடையைக் காலி செய்தோம். மழையில்லை.

3 டிசம்பர், செவ்வாய்

பாலக்காடு. மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். நூர்ஜஹான் ஒரு குறையும் வைக்கவில்லை. மஜீத் அலவியின் ஜவுளிக்கடைக்குப் போய் வருகிறான்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் கடை வரைக்கும் நடந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அலவி என் மகனை "மச்சான், வாங்க" என்றுதான் கூப்பிடுவார். மஜீத் வயதில் மூத்தவன், பெண் கொடுத்த வீட்டுக்காரன்.

"மஜீதே, அந்தத் துணிக்கட்டை எறக்கு" என்றார்.

மஜீத் இறக்கினான்.