வெயில் தாங்கிய குளவிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி குறைந்ததா? நான் நலம்.

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் பூச்சி வளர்க்கும் அறையில் ஏசி பழுதாகி, வெளி வெயிலின் அனல் ஏறிவிட்டது. சாறு உறிஞ்சும் அசுவினி கொழித்துப் பெருகியது. அதை அழிக்க நான் வளர்த்த குட்டிக் குளவிகளில் பெரும்பாலானவை செத்துவிட்டன.

“உங்க படை காலி மேடம், மூட்டையைக் கட்டுங்க” என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர்.

“மிச்சம் இருக்கறது வெயில் தாங்கினதுங்க சார். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்” என்றேன். ஆரம்பித்தும்விட்டேன்.

நம் தோட்டத்திலும் வெயில் ஏறுகிறது. கத்தரிக்கு இப்போது மருந்து அடித்தால் அங்கே தானாகவே வந்து தாக்குப்பிடித்த குளவிகளும் போய்விடும். பொறுங்கள். இலைக்கடியில் உப்பிப் பழுப்பேறிய அசுவினி இருந்தால், அதன் உள்ளே குளவி இட்ட முட்டையிலிருந்து குட்டிக் குளவி வளர்கிறது என்று அர்த்தம், படம் அனுப்புங்கள். இலையைப் பிடித்த உங்கள் கையும் தெரியட்டும்.

குளவிகளுக்குத் தேன் வைக்க ஓடுகிறேன்.

உங்கள் மகள்