மே மாதத்து ஸ்வெட்டர்

என் பிரியமான ஸ்டெல்லாக்கா,

இன்று காலை பால் வாங்கப் போவதற்கு முன்பே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இடது மார்பின் ஓரத்தில், அக்குள் பக்கமாக, விரலை வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. சுண்டைக்காய் அளவு. மூன்று வாரமாக எழுந்ததும் இதுதான் முதல் வேலை. நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதா? தொட்டுத் தொட்டு எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? வலி இல்லை. கையைத் தூக்கினால் மட்டும் ஓர் இழுப்பு.

வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இல்லையா, என் வீட்டுக்காரரும் மகள் பானுவும் பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவே அங்கேதான் இருக்கிறது. நாடகம் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் உனக்கு எழுதுகிறேன்.

துப்பறியும் தணிகாசலம் திரும்ப வந்திருக்கிறார், தெரியுமா? வெள்ளிக்கிழமை இதழில் புதுத் தொடர். நமக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, அவருக்கு மீசை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. நீ போன பிறகு அவர் வரும் முதல் தொடர். வாங்கி வந்து அரிசி டின் மேல் வைத்தேன். இன்னும் பிரிக்கவில்லை.

கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போன காலத்தில், எனக்கு இரண்டு வருஷம் மூத்தவளான நீதான் அவரை எனக்குக் காட்டினாய். கல்யாணம், பிள்ளை, என் பள்ளிக்கூட வேலை எல்லாம் வந்த பிறகும், இருபது வருஷத்துக்கு மேல், வெள்ளி சாயங்காலம் உப்பளம் பகுதியில் இருந்த உன் வீட்டில் ஒரே இதழை மாற்றி மாற்றி வாய்விட்டுப் படித்தோம். நாயைக் கண்டால் பயப்படுகிற மனிதர். யார் மேல் சந்தேகமோ அவர் வீட்டில் காபி குடிக்க மாட்டார். கடைசி அத்தியாயத்துக்கு முந்தின வாரம், குற்றவாளி யாரென்று ஆளுக்கொரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சர்க்கரை டப்பாவில் போடுவோம். பெரும்பாலும் என் டிக்கெட்தான் ஜெயிக்கும். "ஒன் மூளைக்கு நீ போலீசுல சேந்திருக்கணும்டி" என்பாய்.

அந்தத் திமிர்தான் அக்கா.

போன வருஷம் மே மாதம் உன் வீட்டுக் கொடியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் காய்ந்தது. நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டர்! இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாய். பிரான்ஸில் இருக்கும் உன் தம்பியிடமிருந்து வாரம் தவறாமல் கடிதம் வந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் ஊரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். வேறு விடை எனக்குத் தோன்றவே இல்லை.

கதையில் அவர் செய்வது போலவே உன்னை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஐயோ, தணிகாசலம் வந்துட்டாருப்பா! நாயெல்லாம் புடிச்சிக் கட்டுங்க" என்றாய்.

"சிரிக்காத. நீ பிரான்ஸுக்குப் போற. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் சொல்லல. இல்ல?"

எழுந்து போய்க் கொடியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்து வந்தாய். பிறகு அந்த ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, "கண்டுபுடிச்சிட்டியேடி. ஆமா, போறேன்" என்றாய்.

"எப்ப?"

"பேப்பரு வரட்டும்."

கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் உன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று தனியாக இதழ் வாங்கினேன். பிறகு ஒருநாள் உன் அண்ணன் மகள் வந்து கதவைத் தட்டினாள். உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மார்பில் வந்த கட்டியை ஆறு மாதம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாயாம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியம் ஆரம்பித்ததும் முடி கொட்டத் தொடங்கியதாம். அந்த வெயிலிலும் குளிர் நடுக்கியதாம். தம்பி வாரம் தவறாமல் எழுதியது உன் உடம்பை விசாரித்துத்தானாம்.

ஏன் அக்கா ஆமாம் என்றாய்? எனக்கு வருத்தம் வேண்டாம் என்றா? இல்லை, என் விடை உனக்கும் பிடித்துப் போய்விட்டதா?

தணிகாசலத்தின் மேல் பழி போட மாட்டேன். ஒரு முடிவுக்கு வருமுன் அவர் நாலு பேரிடம் போய்க் கேட்பார். நான் உன்னிடம்கூடக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

இன்று காலை பானு சீப்போடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பதினேழு வயதாகியும் நான்தான் பின்னிவிட வேண்டும் அவளுக்கு.

"நீயே பின்னிக்கடி. கை சுளுக்கு" என்றேன்.

"போன வாரம் தலவலின்ன. அதுக்கு முன்னாடி நேரமாவுதுன்ன. பத்து நாளா என் தலையயே தொடல நீ." சீப்பைத் தரையில் வைத்தாள். "கணக்குல நாப்பது வாங்குனேன்னுதான? நேராத் திட்டிடும்மா. இப்டி ஒதுங்கி ஒதுங்கிப் போவாத."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடி."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, முடியை அப்படியே ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அந்தக் குரல் என் குரல் அக்கா. உன் வீட்டில் நின்று நான் பேசிய அதே குரல். அவளும் பார்த்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்து, தன்னைத்தானே குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்காவிட்டால் அதையே நம்பிக்கொண்டிருப்பாள். எத்தனை வருஷத்துக்கு? நான் இல்லாமல் போனாலுமா?

பயமாக இருக்கிறது. கட்டிக்குப் பயமா, அவள் முகத்துக்குப் பயமா என்று தெரியவில்லை. இந்த மூன்று வாரத்தை ஆறு மாதமாக்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு இப்போது புரிகிறது. உன்னைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

நாளைக்கு லீவு போடப் போகிறேன். இன்று சாயங்காலம் பானுவிடமும் அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டு, விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு கோரிமேட்டுக்குப் பஸ் ஏறுவேன். சீட்டு வாங்க ஏழு மணிக்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டுமாம். டாக்டர் என்ன சொன்னாலும் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க மாட்டேன், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இன்னும் ஒருவருக்கும் தெரியாது, உன்னைத் தவிர.

உன் தங்கை,
வசந்தா